பெரியம்மைக்கு வந்த அக்கி

எங்கள் பெரியம்மைக்கு நாலாம் வகுப்பு படிக்கும்போது சின்னம்மை வந்தது. இதை ஒரு மதுரைக்காரரிடம் சொன்னால் எந்த அம்மை யாருக்கு வந்தது என்று குழம்பிப்போவார். நாஞ்சில் நாட்டில் பெற்றவளை அம்மை என்போம். அவளுக்கு மூத்தவள் பெரியம்மை. இளையவளைச் சித்தி என்கிற வீடும் உண்டு, சின்னம்மை என்கிற வீடும் உண்டு. அம்மன் கொண்டுவரும் நோய்க்கும் இதே பெயர்கள்தாம். 1975-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, நோயாளியைக் காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரான கொட்டாரத்தில் தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். பெரியம்மையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். "ஆயிரம் ரூவா தாறாம்னா நானே வாறேன்னு சொல்லு" என்றாள் பெரியம்மை.

அந்தப் பெரியம்மைக்கு 2022 பங்குனியில் அக்கி வந்தது. வயது 72. இடது விலாவில், ரவிக்கையின் கீழ் விளிம்பை ஒட்டி, நாலு விரல் அகலத்துக்குச் சிவந்த பட்டை. அதன்மேல் கடுகு தெறித்த மாதிரி நீர்க்கொப்புளங்கள். முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்து, தொப்புளுக்கு நேர்மேலே கோடு போட்டு நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. வலது பக்கம் ஒரு புள்ளி கூட இல்லை. கொப்புளம் தெரிவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அந்த இடத்தில் எரிச்சல். "உள்ள ஆரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி இருக்கு மக்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு பட்டாலே முகம் சுளித்தாள்.

அடுப்பு என்று அவள் சொன்னதில்தான் இந்தச் சொல்லின் வரலாறு முழுக்க இருக்கிறது. அக்கி என்றால் நெருப்பு.

காதுக்கு அது கலப்படமில்லாத நாட்டுச்சொல் மாதிரி கேட்கும். மூட்டுவலி, மூலம், அக்கி என்று நாட்டு வைத்தியர் பலகையில் வரிசையாக இருக்கும். ஆனால் அதன் பிறப்பு வேறு. ரிக் வேதத்தின் முதல் சொல்லே அக்னிதான். அந்த அக்னி பேச்சு வழக்கான பிராகிருதத்தில் 'அக்³கி³' என்று தேய்ந்தது. பாலி மொழியிலும் அப்படியே. தமிழில் வல்லின இரட்டிப்புக்கு ஒரே ஒலிதான் என்பதால் இங்கே வந்ததும் அக்கி ஆயிற்று. இதே வழியில் வந்த இன்னொரு சொல்லைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் பார்க்கலாம். ராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களுக்கு முன்னால் நக்கன், நக்கன் என்று வரும். ஆடையற்றவன் என்ற பொருளுடைய 'நக்ன' என்பதுதான் நக்கன், சிவனின் பெயர். ககரமும் னகரமும் சேர்ந்து தொண்டையில் சிக்கும் இடத்தில் பேச்சு நாக்கு ஒரு ககரத்தைப் போட்டு இரட்டித்துவிட்டு நகர்ந்துவிடும். அக்னி நாளிதழில் 'அக்னி நட்சத்திரம்' என்று சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. படித்தவர் வாயில் அக்கினி ஆகிறது. பழைய பக்திப் பாடல்களில் அங்கி என்றும் வரும். இத்தனை உறவுக்காரர்களில் சட்டையைக் கழற்றிவிட்டு ஊரோடு கலந்தது அக்கி ஒன்றுதான். கலந்ததும் நெருப்பு என்ற பொதுப் பொருளை விட்டுவிட்டது. இன்றைக்கு யாரும் அக்கியில் சோறு வைப்பதில்லை. உடம்பில் பற்றும் நெருப்புக்கு மட்டும் பெயராக நின்றுபோயிற்று.

பெங்களூருக்குப் போன எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் உணவகப் பட்டியலில் 'அக்கி ரொட்டி' என்று பார்த்துவிட்டுத் திகைத்துப் போனதாகச் சொல்வான். கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி. அது திராவிடச் சொல், நம் அரிசிக்குத்தான் சொந்தம், இந்த அக்கிக்கு உறவே இல்லை. கன்னடக்காரர்கள் இந்த நோயைச் சர்ப்ப சுத்து என்கிறார்கள். பாம்பு சுற்றிக்கொண்டதாம். இதை வெறும் கிராமத்து உவமை என்று தள்ளிவிட முடியாது. ஆயுர்வேத நூல்களில் ஊர்ந்து பரவும் தோல்நோய்களுக்கு விசர்ப்பம் என்று பெயர், அதில் ஒரு வகை அக்னி விசர்ப்பம். ஊர்தல் என்ற பொருளுடைய வேரில் முளைத்த சொல் அது. சர்ப்பமும் அதே வேர்தான். கிரேக்கர்கள் வைத்த 'ஹெர்பிஸ்' என்ற பெயரும் அதே ஆதி வேரிலிருந்து கிளைத்து மேற்கே போனது. ஆக, சரக சம்கிதையும் கிரேக்க வைத்தியமும் மாண்டியாவின் பாட்டியும் பாம்பைத்தான் பார்த்திருக்கிறார்கள். தமிழோ நெருப்பைப் பார்த்தது. கண்ணால் பார்க்கிறவனுக்கு அது பாம்பு. படுத்துக்கிடப்பவளைக் கேட்டால் நெருப்பு என்றுதான் சொல்வாள். தமிழ்ப் பெயர் நோயாளி வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அக்கிக்குப் பக்கத்துச் சொல் ஒன்றையும் விட முடியாது. அக்கி எழுதுதல். அக்கிக்கு மருந்து போடுவது என்று யாரும் சொல்வதில்லை, எழுதுவது என்பார்கள். எழுதுபவர் குயவர். சிறுவயதில் பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்கு எழுதியதைத் திண்ணையோரம் நின்று பார்த்திருக்கிறேன். சுங்கான்கடைப் பக்கத்திலிருந்து பானை கொண்டுவரும் வேளார் ஒருவர் வந்தார். சிரட்டையில் காவியைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மயிலிறகின் காம்பை அதில் தோய்த்து, கொப்புளப் பட்டையின் கரையோரமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே நாலு காலும் வாலும் பிடரியுமாக ஓர் உருவம். "சிங்கம்" என்றார். எனக்கு எங்கள் தெரு நாய் மாதிரித்தான் இருந்தது. பாட்டா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எழுதி முடிக்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. ஈரக் காவி பட்டதும், "ஆ… குளுந்துட்டு" என்றார்.

எழுதுதல் என்றால் இப்போது நமக்கு எழுத்தும் பேனாவும்தான். பழைய தமிழில் அது வரைவதும் தீட்டுவதும். சங்ககாலப் பெண்கள் மேனியில் தொய்யில் எழுதினார்கள். கண்ணுக்கு மை எழுதினார்கள். கேரளத்தில் தரையில் வண்ணப்பொடியால் தெய்வ உருவம் வரைவதை இன்றும் களமெழுத்து என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு அந்தப் பழைய பொருள் சாகாமல் தங்கியது ஒரு நோயாளியின் விலாவில். இதில் ஏன் குயவர் வந்தார் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை. என் ஊகம் எளிமையானது. நெருப்பை மூட்டவும் அடக்கவும் தெரிந்த கை சூளைக்காரருடையது. பச்சை மண்ணை வெடிக்காமல் வேகவைப்பவருக்கு வெந்த உடம்பைக் குளிரவைக்கவும் தெரியும் என்று ஊர் நம்பியிருக்கும்.

இப்போது அம்மைக்கு வருகிறேன்.

பெரியம்மைக்குச் சின்னம்மை வந்தது 1959-ல். கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் அதைச் சின்னம்மை என்று சொல்வதேயில்லை. "அம்மை விளையாடிச்சு", "முத்து போட்டுது" என்பாள். நோயை நோய் என்று சொல்லாத மரியாதை. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, மூன்று தண்ணீர் ஊற்றியபின் முத்தாரம்மன் கோயிலுக்கு நடை. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் முத்தாரம்மன் உண்டு. முத்தை ஆற்றும் அம்மன் என்று பிரிப்பார்கள், முத்து ஆரம் பூண்ட அம்மன் என்றும் பிரிப்பார்கள். நான் முதல் கட்சி. யாழ்ப்பாணத்தில் சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்றும் தட்டம்மையைச் சின்னமுத்து என்றும் சொல்கிறார்கள். அங்கேயும் முத்து விடவில்லை. திருவிதாங்கூரில் பெரியம்மைக்கு வசூரி என்று பெயர், தமிழில் அது வைசூரி. மசூர்ப் பருப்பின் பெயரான 'மசூரிகா' திரிந்து வந்தது அது. நம் மூதாதையர் கொப்புளத்தில் முத்தைப் பார்த்தார்கள், வடக்கே பருப்பைப் பார்த்தார்கள். லத்தீனில் பெரியம்மை வேரியோலா, சின்னம்மை வேரிசெல்லா. பின்னது முன்னதன் குறுக்கப்பெயர், அச்சு அசலாகச் 'சின்ன அம்மை'. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

ஆக, அம்மைக்கு அம்மன் பொறுப்பு, அக்கிக்குக் குயவர் பொறுப்பு. ஒன்று குழந்தைக்கு வருவது, மற்றது கிழவிக்கு வருவது. ஒன்று உடம்பெல்லாம், மற்றது ஒரு பட்டை. தமிழ் மொழியில் இவை இரண்டையும் இணைக்கிற இழை ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவிலும் இல்லை. அங்கே அக்கிக்கு ஜோஸ்டர், அதாவது கிரேக்கப் போர்வீரன் இடுப்பில் கட்டும் கச்சை. ஆங்கிலத்தின் ஷிங்கிள்ஸும் லத்தீன் கச்சைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புடாபெஸ்டில் போக்காய் என்ற குழந்தை மருத்துவர், வீட்டில் ஒருவருக்கு அக்கி வந்தால் அடுத்த சில வாரங்களில் அங்குள்ள குழந்தைக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். 1950-களில் தாமஸ் வெல்லர் இரண்டு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸை வளர்த்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்றார். வைரஸுக்கு வைத்த பெயரில் பழைய இரண்டு பெயர்களையும் முடிச்சுப் போட்டார்கள்: வேரிசெல்லா-ஜோஸ்டர். சின்னம்மை-அக்கி வைரஸ் என்று தமிழில் சொன்னால், நம் மொழி ஆயிரம் வருடமாகச் செய்யாத ஒரு கலியாணத்தை நடத்தி வைத்த மாதிரி.

ஆனால் எப்படி ஒன்று? ஐம்பது அறுபது வருட இடைவெளியில் அது எங்கே இருந்தது? இதற்குப் பதில் சொன்னவர் ஆய்வுக்கூடத்துக்காரர் இல்லை. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற குடும்ப மருத்துவர். சுமார் 3,500 பேர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று 16 வருடம் விடாமல் குறித்துவைத்தார். மொத்தம் 192 பேர். சின்னம்மை ஊரில் பரவும் காலத்தில் அக்கி கூடவில்லை. வயது ஏற ஏற மட்டும் கூடியது. வெளியிலிருந்து வருவதாயிருந்தால் இப்படி இருக்காது. சின்னம்மை ஆறியபின் வைரஸ் உடம்பைவிட்டுப் போகவே இல்லை, நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கிறது, எதிர்ப்பாற்றல் தளரும்போது வெளியே வருகிறது என்று 1965-ல் எழுதினார். 1983-ல் இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் டிஎன்ஏவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஒரே நோயாளியின் சின்னம்மை வைரஸையும் பின்னால் வந்த அக்கி வைரஸையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்கள்.

தமிழில் நீறு பூத்த நெருப்பு என்று ஒரு வழக்கு உண்டு. மேலே சாம்பல், உள்ளே கங்கு. அக்கி என்று பெயர் வைத்தவருக்கு இந்த உள்விவகாரம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பெயர் பொருந்திப்போயிற்று.

எங்கள் ஊர்ப் பெயரையும் இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. கொட்டாரம் என்றால் மலையாளத்தில் அரண்மனை. வெளியூர்க்காரர்கள் வந்தால் அரண்மனை எங்கே என்று கேட்பார்கள். தமிழ் அகராதியில் கொட்டாரம் களஞ்சியம், 'கோஷ்டாகாரம்' என்ற வடசொல்லின் தேய்மானம். கோஷ்டம் என்றால் அறை. கோயில் சுவரில் தட்சிணாமூர்த்தி அமரும் மாடமும் கோஷ்டம், ஆயுர்வேதத்தில் வயிற்றின் உள்ளறையும் கோஷ்டம். விதைநெல்லைக் கொட்டிவைத்து, அடுத்த பருவம் வரும்வரை பூட்டி வைக்கிற இடம் கொட்டாரம். பெரியம்மையின் முதுகெலும்போரத்தில் ஒரு கொட்டாரம் 63 வருடம் பூட்டியே கிடந்தது.

இந்த இடத்தில்தான் வைரஸும் உடம்பும் லட்சக்கணக்கான வருடமாக ஆடிவரும் ஆட்டம் தெரியும். சின்னம்மை வைரஸ் மூச்சோடு தொண்டைக்குள் நுழைகிறது. அங்கே ரத்தத்தில் ரோந்து போகிற டி செல்கள் இருக்கின்றன. வைரஸ் அவற்றில் ஒன்றுக்குள்ளேயே ஏறிக்கொள்கிறது. திருடன் போலீஸ் வண்டியில் ஊர் சுற்றுவது மாதிரி. தோலுக்கு வந்து இறங்கினால், தோல் செல்கள் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுற்றிலும் பரப்பிப் பக்கத்து வீடுகளைக் கதவடைக்கச் சொல்கின்றன. கிருமி நுழைந்து கொப்புளம் தெரிய இரண்டு வாரம், சில பேருக்கு மூன்று வாரம் ஆவதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணம்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் சமையலறையில் என்ன வேகிறது என்று வாசலில் ஒரு பிடி எடுத்து வைக்கவேண்டும் என்பது சட்டம். டி செல்கள் வாசல் வாசலாகப் போய் முகர்ந்து பார்க்கும். வேற்று வாடை அடித்தால் அந்த வீடு காலி. வைரஸ் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது: பிடியை வாசலுக்குக் கொண்டுபோகும் ஆளை உள்ளேயே மடக்கி நிறுத்திவிடுகிறது. உடம்பு அதற்கும் ஒரு மாற்று வைத்தது. வாசலில் எதுவுமே வைக்காத வீட்டைச் சந்தேகப்படுகிற இன்னொரு வகைக் காவலர்களை அது வளர்த்தெடுத்தது. இயற்கைக் கொல்லிகள் என்று அவற்றுக்குப் பெயர். இரண்டு தரப்பும் மாறி மாறி இப்படிக் காய் நகர்த்தியதன் எச்சம்தான் இந்த வைரஸிடம் இருக்கும் சுமார் 70 ஜீன்களில் ஒரு பங்கு.

இத்தனைக்கும் பிறகு வைரஸ் தோற்கிறது. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்கிறது. ஆனால் தோற்பதற்குள் தோலின் நரம்பு நுனியைப் பிடித்து மேலேறி, தண்டுவடத்தின் பக்கத்தில் இருக்கும் முடிச்சுக்குப் போய்விடுகிறது. ஏன் நரம்பு? தோல் செல் போனால் நாளைக்கே வேறு வரும். நரம்பு செல் போனால் போனதுதான். அதனால் உடம்பு தன் நரம்பணுவைக் கொளுத்தத் தயங்குகிறது. காவல்துறை கைவைக்கத் தயங்குகிற வீட்டைப் பார்த்துக் குடியேறியிருக்கிறது வைரஸ். உள்ளே போனதும் கிட்டத்தட்ட எல்லா ஜீன்களையும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. டி செல்கள் சுற்றுவட்டாரத்தில் காவல் நிற்கின்றன. இது வெற்றியுமில்லை தோல்வியுமில்லை, நீண்ட ஒரு ஒப்பந்தம்.

பெரியம்மை ஒழிந்ததும் சின்னம்மை ஒழியாததும் இந்தக் கொட்டாரத்தால்தான். வைசூரி கொன்ற கணக்குக்கு முன்னால் சின்னம்மை ஒன்றுமேயில்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் என்பார்கள். ஆனால் பெரியம்மை வைரஸுக்கு ஒளிய இடமில்லை. வந்தவரை ஒன்று கொன்றது, இல்லையென்றால் ஆயுளுக்கும் விட்டுவிட்டது. ஓயாமல் புது ஆள் வேண்டும் அதற்கு. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமி பாய் 1813 வாக்கில் தொடங்கிய அம்மை குத்துதலிலிருந்து அந்தப் புது ஆட்களின் வரத்து குறையத் தொடங்கியது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975-ல், உலகத்தின் கடைசி இயற்கைத் தொற்று 1977-ல் சோமாலியாவில். அதோடு அது முடிந்தது. சின்னம்மைக்கு அந்தக் கவலை இல்லை. நூறு பேர் மட்டும் வாழும் தீவில் ஒரே பருவத்தில் எல்லோருக்கும் வந்து முடிந்துவிட்டாலும், அடுத்த தலைமுறை பிறந்து வளரும் வரை பாட்டிகளின் நரம்பில் அது காத்திருக்கும். ஹோப்-சிம்ப்சன் ஷெட்லாந்தின் யெல் தீவுக்குப் போய் இதைத்தான் பார்த்தார். மனிதர்கள் சிறு சிறு கூட்டங்களாக அலைந்த காலத்தில் தப்பிப் பிழைக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி இருந்திருக்காது.

ஆங்கிலத்தில் நோய்க்கு இடங்கொடாத நிலைக்கு 'இம்யூனிட்டி' என்று பெயர். அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள், அரசுக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்கு. நம் கோயில் கல்வெட்டுகளில் இறையிலி என்று வருமே, அதேதான். பெரியம்மை கண்டு பிழைத்தவர் உண்மையிலேயே இறையிலி நிலம். மறுபடி யாரும் வந்து கேட்கமாட்டார்கள். சின்னம்மை கண்டவர் அப்படியில்லை. நரம்போரக் காவலுக்கு ஆயுள் முழுக்க டி செல்களை வரியாகக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வயதானபின் ஒரு வருடம் வரி பாக்கி விழுந்தால் ஜப்தி. தமிழில் நாம் வைத்த 'எதிர்ப்பாற்றல்' என்ற சொல் சண்டையை மட்டும் சொல்கிறது, இந்த நீண்ட குத்தகையைச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

நம் பக்கத்தில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. குளிர் நாடுகளில், தடுப்பூசிக்கு முந்திய காலத்தில், பள்ளிப் பிராயத்துக்குள் சின்னம்மை ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து முடிந்துவிட்டிருக்கும். இங்கே அப்படியில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் அசோக் வெங்கிட்டராமனும் 1984-ல், வளர்ந்தவர்களிலேயே கணிசமானவர்களுக்கு இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இல்லை என்று காட்டினார்கள். கலியாணம் நிச்சயமான மாப்பிள்ளைக்கு மாசியில் அம்மை வந்து முகூர்த்தம் தள்ளிப்போவது எங்கள் ஊரில் புதுக்கதை இல்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வைரஸின் மரபெழுத்தைப் படித்தவர்கள், உலகின் பகுதிக்கேற்ப அது சில கிளைகளாகப் பிரிந்திருப்பதைக் கண்டார்கள். நரம்பில் உறங்கும்போது அது மாறுவதே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால், கொட்டாரத்தில் சிறுவயதில் அம்மை கண்ட ஒரு செவிலியர் லண்டனில் நாற்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கேயே அக்கி கண்டால், கொப்புளத்தில் வருவது லண்டன் வைரஸ் அல்ல, எங்கள் தெரு வைரஸ். 'இப்பம்', 'அப்பம்' என்ற பேச்சைப்போல அதுவும் ஊரைவிட்டுப் போகும்போது கூடவே போகிறது.

பெரியம்மைக்குத் திரும்புகிறேன். வீட்டில் இரண்டு கட்சி. மைனி, அதாவது மதினி, அக்கி எழுதவேண்டும் என்றாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். காவியின் மேல் எனக்குப் பகையில்லை. அது இரும்பு கலந்த மண், ஈரமாக இருக்கும்வரை குளிர்ச்சி தரும். அக்கி தானாகவே இரண்டு முதல் நாலு வாரத்தில் ஆறுவது, அதனால் எழுதியவருக்கு எப்போதும் நல்ல பெயர்தான். கவலை இரண்டு. கொப்புளம் உடைந்த இடத்தில் மண் போனால் சீழ் பிடிக்கும். அதைவிட, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணே போகலாம், அங்கே ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

அசைக்ளோவிர் என்ற அந்த மாத்திரையும் இந்த ஆட்டத்தில் ஒரு அழகான காய். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் வாங்கினார். நல்ல செல்லுக்குள் போனால் அது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. வைரஸ் இருக்கும் செல்லில், வைரஸின் சொந்த நொதியே அதற்குச் சாவி கொடுத்து முடுக்கிவிடுகிறது. பிறகு அது வைரஸின் டிஎன்ஏ சங்கிலியில் போய் உட்கார்ந்து மேலே கோக்க முடியாமல் செய்துவிடுகிறது. தடுப்பூசியும் வந்துவிட்டது. டி செல்களுக்கு அந்தப் பழைய முகத்தை மறுபடி நினைவூட்டும் ஊசி, இரண்டு தவணை, இந்தியாவுக்கு 2023-ல் வந்தது. பெரியம்மைக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது. விலையும் எங்கள் மாதிரி வீடுகள் யோசிக்கிற விலைதான்.

மருத்துவர் மாத்திரை எழுதினார். மைனி விடவில்லை. இரண்டாம் வாரம் கொப்புளம் காய்ந்தபின், பொருக்கின் ஓரத்தில் தொடாமல் எழுதினால் போதும் என்று நான் இறங்கிவந்தேன். சுங்கான்கடைக்காரர் மகன் வந்தான், அவனுக்கு இப்போது பானைத் தொழிலில்லை, டெம்போ ஓட்டுகிறான். அப்பாவிடம் பார்த்துப் பழகியதாம். சிங்கம் இப்போதும் நாய் மாதிரித்தான் இருந்தது.

அடுத்த வாரம் வீட்டிலிருந்த பேத்திக்குக் காய்ச்சல். மறுநாள் வயிற்றில் நாலு முத்து. மூன்று வயது, சின்னம்மை ஊசி போட்டிருக்கவில்லை. மைனி வேப்பிலை ஒடிக்கப் போனாள். நான் பெரியம்மையிடம் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். 1959, நரம்பு முடிச்சு, காவல், எல்லாம். இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விலாவில் காவிக்கோடு மங்கலாக இருந்தது.

"எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போச்சா?"

"ஆமா பெரியம்மே."

"நாலாங்கிளாஸ்ல வந்தவளா?"

"அவளேதான்."

கொஞ்ச நேரம் வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுவது வருசமா உள்ள இருந்திருக்கா. நான் ஒருநாள் கூட கண்டுக்கிடல்ல. கோவம் வராம என்ன செய்யும்" என்றாள். பிறகு பேத்திக்கு மேல்சட்டையைக் கழற்றி, "எல்லாத்துக்கும் சோறு போட்டேன், அவளுக்கு மட்டும் போடல்ல" என்று சொல்லிக்கொண்டே வேப்பங்குழையால் மெல்ல வீசத் தொடங்கினாள்.